மாற்றுச் சக்கரமும் விவேகமுள்ள கன்னியரும்

ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னரே நம் பங்குகளில் பயண ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. வேன் வாடகை பேசியாயிற்றா, எத்தனை பேர் வருகிறார்கள், புளிச்சோறு யார் வீட்டில், தயிர்ச்சோறு யார் வீட்டில், பாட்டியை எந்த இருக்கையில் அமர்த்துவது, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எடுத்தாயிற்றா, நேர்ச்சை மெழுகுதிரியும் மாலையும் வாங்கியாயிற்றா என்று ஒன்று விடாமல் கேட்டு முடிக்கின்றனர் நம் குடும்பத் தலைவியர். வண்டி புறப்படும் முன் செபமாலை கையில் எடுக்கப்படுகிறது. பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளிக்கிறார். ஆயினும், “ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?” என்று எவரேனும் கேட்பது மிக அரிது.

அது ஓட்டுநர் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று பயணிகள் எண்ணுகின்றனர். வண்டியின் உரிமையாளர் பார்த்திருப்பார் என்று ஓட்டுநர் எண்ணுகிறார். ஓட்டுநர் சொல்லாததால் எல்லாம் சரியாக இருக்கிறதென்று உரிமையாளர் எண்ணுகிறார். இவ்வாறு மூவரும் ஒருவரை ஒருவர் நம்பியிருக்க, வண்டியின் அடியில் தொங்கும் அந்தச் சக்கரத்தை ஆண்டுக்கணக்கில் எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஊரும் விளக்கும் இல்லாத புறவழிச்சாலையில் டயர் ஒன்று பஞ்சராகும்போதுதான் அதன் நினைவு வருகிறது. அப்போது அதில் காற்று இல்லையென்றால், இருபது பேர் கொண்ட அந்தக் குடும்பக் கூட்டம் கைக்குழந்தையோடும் முதியோரோடும் விரைந்தோடும் லாரிகளுக்கு அருகே நிற்கவேண்டியதாகிறது. காற்று மெல்ல இறங்கிய ஒரு டயர் தன்னளவில் பெரிய ஆபத்தன்று. அதன் பொருட்டு இருளில், சாலையோரத்தில், நெடுநேரம் நிற்க நேர்வதே ஆபத்து. ஆதலின் இந்தச் சிறிய பொருளைப்பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது திருப்பயணம் செல்லும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நன்மை பயக்கும்.

ஸ்டெப்னி என்னும் சொல் வந்த வழி

நம் ஓட்டுநர்கள் நாள்தோறும் சொல்லும் “ஸ்டெப்னி” என்னும் சொல் ஒரு தெருவின் பெயர் என்பதைப் பலர் அறியார். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டு ஒரு புதிய சாதனத்தைச் செய்தனர். அக்காலத்து மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரம் இன்றியே விற்கப்பட்டன. சாலைகளிலோ குதிரை லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் நிறைந்திருந்தன. வழியில் பஞ்சரானால், சாலையிலேயே அமர்ந்து டயரைப் பிரித்து, டியூபை ஒட்டி, மீண்டும் பூட்டிக் காற்றடித்த பின்னரே வண்டி நகரும். மழையானாலும் இருளானாலும் வேறு வழி இல்லை.

டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரக்கால்கள் இல்லாத ஒரு வளையம். அதன்மேல் காற்றடித்த டயர் ஒன்று ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கத்திலேயே இவ்வளையத்தைப் பற்றுகளால் இறுக்கிவிட்டு, அடுத்த ஊர்வரை ஓட்டிச்செல்லலாம். தெருவின் பெயரே சாதனத்தின் பெயராயிற்று. பிற்காலத்தில் முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் வசதி வந்ததும் அந்த வளையம் மறைந்துபோயிற்று. ஆனால் பெயர் மறையவில்லை. இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் மால்டாத் தீவிலும் இன்றும் மாற்றுச் சக்கரத்துக்கு அதுவே பெயர். பிரேசில் நாட்டில் வழங்கும் “எஸ்டெப்பெ” என்னும் சொல்லும் இதிலிருந்து வந்ததென்பர்.

காற்றடித்த டயரை ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1888இல் உரிமைப் பதிவு செய்தார். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னரே ஸ்டெப்னி வந்தது. ஒரு வசதியைக் கண்டுபிடித்த மனிதன், அது பழுதானால் என்ன செய்வது என்று சிந்திக்க அத்துணை ஆண்டுகள் எடுத்துக்கொண்டான். இன்று நம் வீடுகளிலும் இந்த மனப்பாங்கு மாறியதாகத் தெரியவில்லை.

அதை எங்கே வைப்பது?

மாற்றுச் சக்கரம் பருமனானது, பாரமானது, எப்போதாவதுதான் தேவைப்படுவது. சிறு காரின் சக்கரம் ஏறத்தாழ 15 கிலோ எடை இருக்கும். வேன் போன்ற வண்டியின் சக்கரம் 25 கிலோவுக்கும் மேற்படும். பேருந்துச் சக்கரமோ 80 கிலோவையும் தாண்டும். இதை எங்கே வைத்தாலும் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு.

கார்களில் பெரும்பாலும் டிக்கியின் தரைவிரிப்புக்குக் கீழே ஒரு குழியில் அது கிடக்கும். வெயிலும் மழையும் படாத இடம், திருட்டுப் போகாத இடம். ஆனால் பயண நாளன்று அதன்மேல் பெட்டியும் படுக்கையும் சோற்றுப் பாத்திரமும் அடுக்கப்பட்டிருக்கும். சக்கரம் வேண்டுமானால் அத்தனையையும் சாலையில் இறக்கிவைத்தாக வேண்டும். எரிவாயு உருளை பொருத்திய கார்களில் அந்த உருளையே டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால், சக்கரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுவோரும் உண்டு. இது வழியில் பசிக்கும் என்று தெரிந்தும் கட்டுச்சோற்றை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவதைப் போன்றது.

ஜீப் வகை வண்டிகளில் பின்கதவின்மேல் சக்கரம் மாட்டப்பட்டிருக்கும். எளிதில் கழற்றலாம்; காற்று உள்ளதா என்று நடந்து போகும்போதே பார்க்கலாம். ஆனால் அதன் பாரம் முழுவதையும் கதவின் கீல்களே தாங்கவேண்டும். நாளடைவில் கதவு சரிந்து, மூடும்போது ஒலி எழுப்பத் தொடங்கும். வெயில் நேராகப் படுவதால் ரப்பர் விரைவில் வெடிப்பு விடும். உறை போட்டுவைத்தால் இக்குறை பெரிதும் தீரும்.

திருப்பயணக் குழுக்கள் வாடகைக்கு அமர்த்தும் வேன்களில் பெரும்பாலும் வண்டியின் பின்புறம், அடிச்சட்டத்துக்குக் கீழே, சங்கிலியிலோ கம்பிவடத்திலோ சக்கரம் தொங்கும். கைப்பிடியை அதற்குரிய துளையில் நுழைத்துச் சுழற்றினால் சக்கரம் மெல்லத் தரைக்கு இறங்கும். உள்ளே இடம் மிச்சமாகிறது என்பதே இதன் நன்மை. தீமையோ, பின்சக்கரங்கள் வாரியடிக்கும் சேறும் நீரும் முழுவதும் அதன்மேலேயே படிகின்றன என்பது. கடற்கரைச் சாலைகளில் ஓடும் வண்டியானால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். சங்கிலியும் அதைச் சுற்றும் பொறியும் துருவேறி இறுகிப்போனால், நல்ல சக்கரம் கண்ணெதிரே தொங்கியும் அதை இறக்க இயலாமல் திகைக்க நேரிடும். அதற்கு மாறாக, துருவேறிய வடம் ஓடும்போது அறுந்து சக்கரம் சாலையில் உருண்டால், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சக்கரத்தைத் தரைவரை இறக்கி, கழுவி, பொறிக்குக் கிரீஸ் இட்டு, மீண்டும் ஆடாமல் இறுக்கி ஏற்றிவைப்பதே இதற்கு மருந்து.

சில வண்டிகளில் கூரைமேல் உள்ள கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். பாரம் உயரத்தில் ஏற ஏற, வளைவுகளில் வண்டி சாயும் தன்மையும் கூடும். 30 கிலோ எடையுள்ள சக்கரத்தை ஒருவரே தலைக்குமேலிருந்து இறக்குவது முதுகெலும்புக்கும் காலுக்கும் தீங்கானது. வேறு இடமே இல்லாதபோது மட்டும் கூரையை நாடவேண்டும். அப்போதும் கயிற்றை நம்பாமல், போல்ட்டு வைத்து இறுக்கும் சட்டம் அமைப்பதே முறை.

வீடே வண்டியானால்

இந்தச் சிக்கலை மிகப்பெரிய அளவில் காண விரும்பினால் அமெரிக்க நாட்டைப் பார்க்கவேண்டும். அங்கே “மோட்டார் ஹோம்” எனப்படும் வீட்டு வண்டிகள் ஏராளம். படுக்கையறையும் அடுப்படியும் குளியலறையும் தண்ணீர்த்தொட்டியும் கொண்ட அவ்வண்டிகளில் குடும்பத்தோடு ஏறி வாரக்கணக்கில் நாட்டைச் சுற்றுவார்கள். நம் ஊரில் திரைப்படப் படப்பிடிப்புக்கு வரும் கேரவன் வண்டியைப் பார்த்தவர்கள் இதனை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

இவற்றுள் பேருந்தளவான பெரிய வண்டிகள் பலவற்றை மாற்றுச் சக்கரம் இல்லாமலேயே விற்கிறார்கள். அவ்வண்டியின் ஒரு சக்கரம் டயரும் ரிம்முமாகச் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேல் இருக்கும். அதன் நட்டுகளோ, ஒருவர் சாதாரண ஸ்பேனரைக்கொண்டு கழற்ற இயலாத அளவுக்கு இறுக்கப்பட்டவை. பல டன் எடையுள்ள வண்டியைத் தூக்கும் ஜாக்கியும் தேவை. ஓய்வு பெற்ற கணவனும் மனைவியுமாகச் செல்வோர் இதையெல்லாம் வழியில் செய்ய முடியாது என்பதால், சாலை உதவி நிறுவனத்துக்குச் சந்தா கட்டிவிட்டு, பழுதானால் தொலைபேசியில் அழைப்பதே வழக்கமாகிவிட்டது.

ஆனால் அனுபவசாலிகள் அத்தோடு நின்றுவிடுவதில்லை. உதவிக்கு வரும் பணியாளரிடம் கருவிகள் இருக்கும். அந்த அளவுள்ள டயர் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் ரிம் இல்லாமல் டயரை மட்டும் அடிப்பகுதிச் சாமான் அறையில் எடுத்துச்செல்வோர் உண்டு. வந்தவர் பழைய ரிம்மிலேயே அதைப் பூட்டித் தந்துவிடுவார். எடையும் பாதியளவு குறைகிறது. சற்றுச் சிறிய வண்டியுடையோர் பின்புறம் தனிச் சட்டம் அமைத்து முழுச் சக்கரத்தையே மாட்டிக்கொள்வர். இங்கே அவர்கள் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கின்றனர். முதலாவது, அழகுக்காக வைத்த மெல்லிய பின் பம்பரில் சக்கரத்தை மாட்டக்கூடாது. பற்றவைத்த இடம் அதிர்வினால் விரிசல் கண்டுவிடும். வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைத்தே மாட்டவேண்டும். இரண்டாவது, பின் அச்சுக்கு வெகுதூரம் பின்னால் தொங்கும் பாரம் ஏற்றக்கோல் போல் செயற்பட்டு, முன்சக்கரங்களின்மேல் உள்ள அழுத்தத்தைக் குறைக்கும். ஆகவே வண்டியை எடைமேடையில் நிறுத்தி, ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடையைப் பார்த்தபின்னரே பாரம் ஏற்றவேண்டும். கூரைமேல் ஒரு குடும்பத்தின் மூட்டைகள் முழுவதையும் கட்டிச்செல்லும் நம் வேன்களுக்கும் இவ்வறிவுரை பொருந்தும் அன்றோ?

1979 முதல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் டி3 வகை வேன், வீட்டு வண்டியாகவும் புகழ்பெற்றது. அதில் எஞ்சின் பின்புறம் இருந்ததால், மாற்றுச் சக்கரத்தை முன்புறத்தின் அடியில் ஒரு தட்டில் வைத்தார்கள். போல்ட்டைக் கழற்றிப் பிடியை விடுவித்தால் தட்டு கீழிறங்கும். உள்ளே ஒரு பெட்டியையும் நகர்த்தவேண்டியதில்லை. இடம் தேடும்போது, “எங்கே அடங்கும்?” என்று மட்டும் கேளாமல், “இருட்டில் ஒருவர் எப்படி எடுப்பார்?” என்றும் கேட்டவர்கள் கண்ட வழி இது.

உருளாமலே முதுமை

ஓடாத டயர் தேயாது; ஆகவே என்றும் புதிதாகவே இருக்கும் என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். இது தவறு. வெப்பமும் வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றன. பட்டைகள் ஆழமாகவே இருக்கும்; ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். அத்தகைய டயரை மாட்டி நிறைசுமையோடு வேகமாக ஓட்டினால் அது வெடிக்கக்கூடும்.

டயரின் வயதை அறிவது எளிது. அதன் பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டுவதும், பத்து ஆண்டுகளான டயரைத் தேயாததாயினும் மாற்றிவிடுவதும் நல்லது என்று டயர் உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர். ஸ்டெப்னிக்கும் இவ்விதி உண்டு. ஐந்து சக்கரங்களும் ஒரே அளவாயிருக்கும் வண்டிகளில், டயர்களை இடம் மாற்றிப் போடும்போது ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்துக்கொண்டால், அது மூலையில் கிடந்து முதுமையடையாமல் தன் பங்கு உழைப்பை ஆற்றும்.

காற்றும் அவ்வாறே. பஞ்சர் இல்லாத டயரிலும் காற்று தானாகக் கசியும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு குறையும். 32 பவுண்டு இருக்கவேண்டிய சக்கரத்தை ஓராண்டு கவனியாமல் விட்டால் 20 பவுண்டுக்கு இறங்கிவிடலாம். ஆகவே காற்றடிக்கும்போதெல்லாம் ஸ்டெப்னிக்கும் அடித்து, தேவையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே வைப்பது வழக்கம். அதிகமானால் வழியில் குறைத்துக்கொள்ளலாம். குறைந்தால் கூட்ட வழியிராது.

சில கார்களில் மற்ற நான்கைவிட மெல்லிய தற்காலிகச் சக்கரம் தரப்படுகிறது. அதன்மேல் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படக்கூடாது என்னும் எச்சரிக்கை இருக்கும். அது பஞ்சர் ஒட்டும் கடைவரை செல்வதற்கே உரியது, ஊர்வரை செல்வதற்கன்று. மேலும் 2020ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி, ஓட்டுநர் உட்பட 9 இருக்கைகளுக்கும் 3.5 டன் எடைக்கும் மிகாத வண்டிகளில், டியூப் இல்லாத டயர்களும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் சரிசெய்யும் பொருள்களும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமன்று. ஆணி குத்திய சிறு துளைக்கு அப்பொருள்கள் போதும். பக்கச்சுவர் கிழிந்தால் அவை உதவா. புதிய கார் வாங்கும் குடும்பத்தார் வண்டியில் எது உள்ளது, எது இல்லை என்பதை முதல் நாளே திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாலையோரத்தில்

சக்கரம் மட்டும் இருந்தால் போதாது. ஜாக்கி, அதன் கைப்பிடி, வீல் ஸ்பேனர், சக்கரத்தை இறக்கும் கம்பி, மண்தரையில் ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கெட்டிப் பலகை, சக்கரம் உருளாமல் தடுக்க இரண்டு கட்டைகள், எச்சரிக்கை முக்கோணம், நல்ல டார்ச்சு விளக்கு ஆகிய யாவும் ஒரே பையில் இருக்கவேண்டும். ஜாக்கி ஒரு வண்டியிலும் அதன் கைப்பிடி வேறொரு வண்டியிலும் இருப்பது வாடகை வண்டிகளில் அடிக்கடி காணும் காட்சி.

டயர் இறங்கிவிட்டதென உணர்ந்தால் பதறிப் பிரேக்கை மிதிக்காமல், வேகத்தை மெல்லக் குறைத்து, சமதரையான அகன்ற இடம்வரை செல்லவேண்டும். ரிம் கெட்டாலும் கெடட்டும் என்று சிறிது தூரம் உருட்டிச்செல்வது, வளைவிலோ பாலத்தின்மேலோ நிற்பதைவிட மேல். பின்புறம் இரட்டைச் சக்கரம் உள்ள வேனில் ஒன்று இறங்கினாலும், மற்றொன்று தாங்குகிறதே என்று தொடர்ந்து ஓட்டக்கூடாது. இருவர் சுமையை ஒருவர் சுமப்பதால் அதுவும் சூடேறி வெடிக்கும்.

வண்டி நின்றதும் பயணிகள் அனைவரும் சாலைக்கு எதிர்ப்பக்கமாக இறங்கி, தடுப்புக்கம்பிக்கு அப்பாலோ வயல் வரப்பிலோ வண்டியிலிருந்து விலகி நிற்கவேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்ப மனமின்றி உள்ளேயே விட்டுவிடுவது பாசமாகாது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குள் எவரும் இருத்தல் ஆகாது. எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டருக்குக் குறையாத தொலைவில் பின்னால் வைக்கவேண்டும். வண்டியைத் தூக்குமுன் நட்டுகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கி நழுவினால் தாங்குவதற்காக, கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கவைப்பது நல்ல வழக்கம். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கவேண்டும். 50 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும். இடம் பாதுகாப்பற்றதாகத் தோன்றினால் சக்கரத்தை மாற்ற முற்படாமல், தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

இங்கே ஒரு சொல் நம் மனச்சான்றுக்கு. பஞ்சரானதும் ஓட்டுநர் ஒருவரே இறங்கி இருளில் மண்டியிட்டு உழைக்க, நாம் உள்ளே திரையை இழுத்துவிட்டு உறங்குகிறோம். அவரும் ஒரு தாயின் மகன். அவர் வரவை எதிர்பார்த்தும் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. இளைஞர் இருவர் இறங்கி, ஒருவர் விளக்குப் பிடிக்கவும் மற்றவர் தொலைவில் நின்று பின்வரும் வண்டிகளுக்குச் சைகை காட்டவும் செய்தால், அந்த அரை மணிநேரப் பணி அன்றைய செபமாலைக்குக் குறைந்ததன்று. 2007ஆம் ஆண்டு திருப்பீடம் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டுதல்களில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் தரப்பட்டுள்ளன. எதிர்பாராத நிகழ்ச்சிகளைச் சந்திக்கப் பண்பும் நேர்மையும் விவேகமும் துணை செய்யும் என்பதும், துன்புறும் அயலானுக்கு உதவ வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். விவேகமும் அன்பும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள்.

எண்ணெயைப் பகிராதது ஏன்?

நம் ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அறிவில்லாத ஐவரிடமும் விளக்குகள் இருந்தன, எண்ணெய்தான் இல்லை. ஸ்டெப்னி உண்டு, காற்று இல்லை என்னும் நம் வண்டிகளின் நிலையும் அதுவே. அவர்களும் மணமகனை வரவேற்க ஆர்வத்தோடுதான் புறப்பட்டார்கள், பக்தியில் குறைவில்லை. நள்ளிரவுவரை காத்திருக்க நேரும் என்று எண்ணிப்பார்க்காததே அவர்கள் குறை.

அந்த உவமையில் பலருக்கும் ஓர் உறுத்தல் உண்டு. கேட்டவர்களுக்குச் சிறிது எண்ணெய் கொடுத்தால் என்ன? அன்பைப் போதிக்கும் ஆண்டவர் இதனை ஏற்பாரோ? இக்கேள்விக்கு நெடுஞ்சாலை ஒரு விடை தருகிறது. பழுதாகி நிற்கும் வண்டிக்காக இரக்கப்பட்டு நாம் நிறுத்தலாம். நம் ஜாக்கியைத் தரலாம், விளக்கைத் தரலாம், தண்ணீர் தரலாம், குழந்தைகளை அடுத்த ஊரில் இறக்கிவிடலாம். நம் ஸ்டெப்னியை மட்டும் பெரும்பாலும் தர இயலாது. நான்கு நட்டு உள்ள சக்கரம் ஐந்து நட்டு உள்ள வண்டியில் பூட்டாது, அளவும் ஒவ்வாது. தர மறுப்பதன்று, தந்தாலும் பொருந்தாது. கணவனின் பாவசங்கீர்த்தனத்தை மனைவி செய்யமுடியாது. பெற்றோரின் விசுவாசத்தைக் கடனாகப் பெற்றுக்கொண்டு பிள்ளைகள் தம் சோதனை வேளையைக் கடக்கமுடியாது. சில ஆயத்தங்கள் அவரவரே செய்துகொள்ள வேண்டியவை.

விவேகம் என்னும் நற்பண்பைத் திருச்சபை மரபு மற்ற நற்பண்புகளின் தேரோட்டி என்று அழைக்கிறது. நீதி, திடம், மட்டுமிதம் ஆகிய குதிரைகளை நேர்வழியில் செலுத்துவது அதுவே என்பது கருத்து. விவேகத்தைப் பலர் அச்சம் என்றும் நம்பிக்கைக் குறைவு என்றும் மயங்குகின்றனர். “மாதா பார்த்துக்கொள்வாள்” என்று சொல்லிக் காற்றில்லாத ஸ்டெப்னியோடு புறப்படுவது விசுவாசமன்று. ஆண்டவராகிய கடவுளைச் சோதிப்பது அது. நல்ல சமாரியன் இரக்கமுள்ளவன் என்று நாம் புகழ்கிறோம். அவன் பயணப்பையில் எண்ணெயும் திராட்சை இரசமும் இருந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆயத்தமாக வந்தவனால்தான் அடிபட்டவனுக்குக் கட்டுப்போட முடிந்தது.

பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் படம் பல வண்டிகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. அவர் கையில் எப்போதும் ஓர் ஊன்றுகோல் உண்டு. சுமப்பது குழந்தை இயேசுவே ஆனாலும், ஆற்றின் ஆழம் பார்க்கக் கோல் வேண்டுமென்று அந்த ஓவியங்களை வரைந்தோர் அறிந்திருந்தனர்.

ஆகவே, அடுத்த பயணத்துக்கு வண்டி பேசும்போது, வாடகையோடு கீழ்க்காணும் ஐந்தையும் கேட்டுவிடுங்கள்:

1. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது? மூட்டைகளை இறக்காமல் எடுக்கமுடியுமா?

2. அதில் காற்று எத்தனை பவுண்டு? கடைசியாக எப்போது பார்த்தது?

3. அந்த டயர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது? வெடிப்பு உண்டா?

4. அதை இறக்கும் பொறி சுழல்கிறதா? ஒருமுறை இறக்கிக் காட்டமுடியுமா?

5. ஜாக்கி, கைப்பிடி, ஸ்பேனர், முக்கோணம், விளக்கு ஆகியவை வண்டியிலேயே உள்ளனவா?

இவற்றைக் கேட்பதால் ஓட்டுநர் வருந்துவாரோ என்று தயங்கவேண்டாம். “அண்ணே, எங்கள் பிள்ளைகளோடு நீங்களும் பத்திரமாக வீடு திரும்பவேண்டும், அதற்காகக் கேட்கிறோம்” என்று அன்போடு சொன்னால் எவரும் முகம் கோணமாட்டார். பங்குப் பேரவையோ பக்தசபையோ சேர்ந்து வண்டி அமர்த்தும் இடங்களில், இந்தப் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைப்பது இன்னும் நல்லது. எல்லாருடைய வேலையும் எவருடைய வேலையும் ஆகாமற் போகிறது என்பதை நாம் அறிவோம்.

பங்குத்தந்தை தீர்த்தம் தெளிக்கும்போது வண்டியின் முன்புறத்தில் மட்டும் கூடி நிற்காமல், ஒருவர் பின்புறம் சென்று குனிந்து, அந்தச் சக்கரத்தை ஒருமுறை கையால் அழுத்திப் பார்க்கட்டும். பிறகு செபமாலையைத் தொடங்குங்கள். தேவ தாயின் அருட்காவலில் உங்கள் பயணம் நலமாய் முடிவதாக.